நாலு பேர் செய்த கேம், உறுதி யார் பெயரில்?

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிற கேள்வி இது. நாலு பேர் சேர்ந்து வன்னி அரசன் பண்டாரவன்னியன் காலத்தை வைத்து ஒரு கேம் செய்திருக்கிறார்கள். இவர் நிரல் எழுதினார். கூடப் படித்த தோழி படங்கள் வரைந்தார், அவர் இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிறார். இசை புதுக்குடியிருப்புத் தம்பி ஒருவருடையது. கதையும் உரையாடலும் வவுனியாவில் இருக்கிற ஓர் அக்கா எழுதியவை. முல்லைத்தீவில் ஓர் அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்கும் ஆசிரியர், பாடிய கோவலன் கூத்துப் பாட்டைக் கைபேசியில் பதிந்து பின்னணியில் சேர்த்திருக்கிறார்கள். வெளிநாட்டில் சிறிய வெளியீட்டு நிறுவனம் நடத்துகிற ஊர்க்காரர் ஒருவர் முற்பணம் தருவதாகச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். "எல்லா உரிமைகளும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" நிறுவனத்துக்கு மாறும் என்று அதில் எழுதியிருக்கிறது. கையெழுத்து வைக்கலாமா? கூடவே ஒரு சின்னக் கேள்வி: இவருடைய தம்பி, ஃப்ரீ ஃபயர் என்ற கைபேசி கேமில் தனக்கிருக்கிற கணக்கை (ஐடியை) விற்கலாமா?

தங்கச்சி, இப்போதைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். ஒப்பந்தம் அனுப்பிய அந்த அண்ணா ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் கிடைக்கிற மாதிரி ஒப்பந்தம் ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றி அனுப்பியிருக்கலாம், சின்ன நிறுவனங்கள் பல அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அதைத் திருத்துவதற்கு முன்னால் உங்கள் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் நாலு பேரும் உங்களுக்குள் ஒரு வரிகூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அந்த நிலையில் "எங்கள் கேமின் உரிமையைத் தருகிறோம்" என்று தனியாகக் கையெழுத்து வைக்க உங்களுக்கு உரிமையே இல்லை.

இலங்கையில் இதை ஆளுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதில் வீடியோ கேம் என்று தனி வகை கிடையாது. நிரல் கணினி நிகழ்ச்சித்திட்டமாகப் பாதுகாக்கப்படும், படங்கள் கலைப் படைப்பாக, இசை இசைப் படைப்பாக, கதை இலக்கியமாக. பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை, படைத்த அந்தக் கணமே உரிமை வந்துவிடும். படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 70 ஆண்டுகளும் அது இருக்கும். பலர் சேர்ந்து செய்த படைப்பில், ஒவ்வொருவர் செய்த பகுதியையும் பிரித்து அடையாளம் காணவும் தனியாகப் பயன்படுத்தவும் முடியுமென்றால், அந்தந்தப் பகுதிக்கு அவரவரே சொந்தக்காரர். இதுதான் உங்கள் நிலைமை. நிரல் உங்களுடையது, படங்கள் தோழியுடையவை, இசை தம்பியுடையது, கதை அக்காவுடையது. நாளைக்குத் தோழி மனம் மாறி "என் படங்களை எடுத்துவிடுங்கள்" என்றால் அவரிடம் அந்த உரிமை இருக்கிறது. சண்டை வராது என்கிறீர்கள். காசு வராத வரைக்கும் பெரும்பாலும் வராதுதான்.

உரிமையைக் கொடுப்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று உரிமை மாற்றம், மற்றது உரிமம். வயல் காணியை நினைத்துப் பாருங்கள். உறுதி எழுதிக் கொடுத்தால் காணி போய்விட்டது. இரண்டு போகத்துக்குக் குத்தகைக்கு விட்டால், குத்தகைக்காரர் விதைத்து அறுத்துக்கொண்டு போவார், காணி உங்கள் பெயரிலேயே இருக்கும். உங்களுக்கு வந்திருக்கிற ஒப்பந்தம் உறுதி எழுதச் சொல்கிறது. ஒரு கேமை வெளியிட்டு விற்க வெளியீட்டாளருக்குத் தேவையானது உரிமம் மட்டும்தான். கணினிக் கேம்களை இணையத்தில் விற்கிற ஸ்டீமிலோ, கூகுள் பிளேயிலோ கேமைப் போட, விளம்பரம் செய்ய, வேறு மொழிக்கு மாற்ற, எல்லாவற்றுக்கும் உரிமம் போதும். முழு உரிமையையும் கேட்பவர் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், அதற்குத் தகுந்த விலையும் தர வேண்டும்.

நம்முடைய சட்டம் இதில் படைப்பாளிக்குச் சாதகமாகவே இருக்கிறது. உரிமை மாற்றமானாலும் உரிமமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்தில் வெளிப்படையாகச் சொல்லாத உரிமை எதுவும் சேர்ந்து போய்விட்டதாகக் கருத முடியாது. அதனால்தான் வெளியீட்டாளர்கள் "எல்லா உரிமைகளும்" என்று வலைவீசி, தொடர் பாகங்கள், திரைப்படம், பொம்மை, புத்தகம், "இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள்" வரை ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள். இன்னொன்று: 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்படி மின்னணு ஆவணமும் மின்னணுக் கையொப்பமும் செல்லும். ஆகவே "சரி அண்ணா, சம்மதம்" என்று அவசரத்தில் மின்னஞ்சல் போட்டுவிடாதீர்கள்.

தோழியின் வேலையை நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. வேலை செய்பவர் தன் வேலையின் பாகமாகப் படைப்பது, ஒப்பந்தம் வேறுமாதிரிச் சொல்லாவிட்டால், வேலை கொடுப்பவருக்கே சொந்தம் என்கிறது நம் சட்டம். உங்கள் கேமுக்கு அவர் வரைந்தது அவருடைய வேலையின் பாகமில்லைதான். ஆனால் மென்பொருள் கொம்பனிகளின் நியமனக் கடிதங்களில் "வேலைக்காலத்தில் செய்யும் எல்லாப் படைப்பும் கொம்பனிக்கே" என்ற வரி வருவதுண்டு. அவர் எப்போது வேலைக்குச் சேர்ந்தார், எந்தப் படங்கள் அதற்கு முன் வரைந்தவை, கொம்பனியின் மடிக்கணினியில் வரைந்தாரா, இதையெல்லாம் இப்போதே பாருங்கள். தேவையென்றால் கொம்பனியிடமிருந்து "இந்தக் கேமில் எங்களுக்கு உரிமை கோரல் இல்லை" என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இது உங்களுடைய இறுதியாண்டுச் செயற்றிட்டமாகவோ பல்கலைக்கழகக் காசிலோ செய்யப்பட்டிருந்தால், பல்கலைக்கழகத்தின் புலமைச் சொத்து விதியையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. விழுகிற கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸ் கேமை உருவாக்கிய அலெக்சி பஜித்நோவ் அப்போது மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை செய்தவர். உரிமை அரசின் கைக்குப் போனது, எலோர்க் என்ற அரச நிறுவனம் அதை உலகமெங்கும் விற்றது. 1989இல் கேம் பாய் என்ற கையடக்க கேம் கருவியுடன் சேர்ந்து உலகம் முழுவதும் அந்தக் கேம் பரவியது. உரிமை பஜித்நோவிடம் திரும்பியது 1996இல்தான், அதற்குப் பிறகுதான் அவருக்கு உரிமத்தொகை வரத் தொடங்கியது. ஹிதேயோ கோஜிமா மெட்டல் கியர் என்ற கேம் தொடரைப் பல பத்தாண்டுகள் வளர்த்தவர். 2015இல் தான் வேலை செய்த கொனாமி நிறுவனத்தை விட்டு வெளியே வந்தபோது அந்தத் தொடர் கொனாமியிடமே நின்றுவிட்டது. அவர் புதுப்பெயரில் புதுக் கேம் தொடங்க வேண்டியிருந்தது.

டோட்டா என்ற கேமின் கதை இன்னும் சிக்கலானது. வார்கிராஃப்ட் 3 கேமோடு வந்த கருவியை வைத்து விளையாடுபவர்கள் தாங்களே உருவாக்கிய வரைபடம் அது. அதிலிருந்து ஒரு பெரிய கேம் வகையே பிறந்தது. டோட்டா என்ற பெயருக்காக, ஸ்டீமை நடத்துகிற வால்வும் வார்கிராஃப்டைச் செய்த பிளிசார்டும் மோதி 2012இல் சமரசத்துக்கு வந்தன. பிறகு 2020இல் வார்கிராஃப்ட் 3 புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, அதில் யார் எந்த வரைபடம் செய்தாலும் அது பிளிசார்டின் சொத்து என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். இன்னொருவருடைய கேமுக்குள் எதையாவது கட்டுகிற பிள்ளைகள் முதலில் வாசிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

இனிக் கூத்துப் பாட்டு. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் அலட்சியமாக இருப்பது இங்கேதான். "பழைய பாட்டுத்தானே, யாருக்கும் சொந்தமில்லை" என்று நினைத்திருப்பீர்கள். பாட்டு பழையதாக இருக்கலாம், ஆனால் பாடியவர் இன்று உயிரோடு இருக்கிற அண்ணாவியார். அவர் குரலில் பாடியதைப் பதிவுசெய்வதற்கும், அந்தப் பதிவைப் பிரதிசெய்து விற்பதற்கும் அவருடைய சம்மதம் வேண்டும். நிகழ்த்துநர் உரிமை என்று சட்டம் அதைத் தனியாகப் பாதுகாக்கிறது. அதோடு, அதே சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் பாதுகாக்கிறது. அவற்றை வியாபாரத்துக்காகவோ வழக்கமான சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்த உரிய அதிகாரியின் அனுமதி தேவை என்கிறது. காசுக்கு விற்கிற கேமின் பின்னணியில் கூத்துப் பாட்டு வருவது இந்த இரண்டுக்கும் பொருந்தும். கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திடம் எழுத்தில் விசாரித்து, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாவியாரிடம் மறுபடி போங்கள். கேமைக் காட்டுங்கள். அவர் குரல் எங்கே வருகிறது, எதற்காக வருகிறது, விற்றால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய பெயர் பெயர்ப்பட்டியலில் வர வேண்டும். கூத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறவர்களிடம் கேட்காமல் எடுக்கிற பழக்கம், சட்டம் ஒருபுறமிருக்க, மரியாதைக்கே பொருந்தாது. இன்னொன்றும் பாருங்கள்: அவர் பாடியது பரம்பரையாக வந்த பாட்டா, அல்லது அண்மைக்காலத்தில் ஒரு புலவர் எழுதிச் சேர்த்ததா? பின்னதென்றால் அந்த வரிகளுக்கு வேறொரு உரிமையாளர் இருப்பார்.

பண்டாரவன்னியன் விஷயத்தில் பயம் வேண்டாம். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும், அதே ஆண்டு கற்சிலைமடுவில் தோற்றதும் வரலாறு. வரலாறு யாருக்கும் பதிப்புரிமை இல்லாதது. ஆனால் அவரைப் பற்றி நாடகம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாடகாசிரியர் கற்பனையாகச் சேர்த்த பாத்திரம், வசனம், காட்சி ஆகியவை அவருடைய படைப்பு. அக்கா கதை எழுதும்போது எதை வரலாற்று நூலிலிருந்து எடுத்தார், எதை நாடகத்திலிருந்து எடுத்தார் என்று பிரித்துக் கேட்டு வையுங்கள். கேமின் விதிகளுக்கும் இதே தர்க்கம்தான். கோட்டை பிடிக்கிற கேம், ஓடிக் குதிக்கிற கேம் என்கிற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் 2012இல் அமெரிக்காவில் டெட்ரிஸ் உரிமையாளர்கள் எக்ஸ்ஐஓ என்ற நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், கட்டைகளின் தோற்றத்தையும் ஆட்டக்களத்தின் அளவையும் அப்படியே எடுத்தது உரிமை மீறல் என்று நீதிமன்றம் சொன்னது. விதியை எடுக்கலாம், முகத்தை எடுக்கக் கூடாது.

கேம் எஞ்சின், அதாவது கேமைக் கட்டப் பயன்படுத்திய மென்பொருள், எது என்று நீங்கள் சொல்லவில்லை. கோடொட் என்றால் கவலை குறைவு. அது எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் வருகிறது, உரிம வாசகத்தைக் கேமுக்குள் எங்காவது சேர்த்துவிட்டால் போதும். அன்ரியல் என்றால் ஒரு கேமின் மொத்த வருமானம் 10 இலட்சம் டொலரைத் தாண்டிய பிறகு 5 சதவீதம் கேட்பார்கள். யூனிட்டி 2023 செப்டெம்பரில் நிறுவல் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று அறிவித்து, உலகெங்கும் எதிர்ப்பு எழுந்து, 2024 செப்டெம்பரில் அதைக் கைவிட்டது. நீங்கள் எந்தப் பதிப்பை எந்த விதியின் கீழ் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு பிரதி எடுத்து வைப்பது ஏன் அவசியம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. இணையத்தில் எடுத்த ஒலிகள், மரங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றுக்கும் ஒரு அட்டவணை போடுங்கள்: எங்கிருந்து எடுத்தது, என்ன உரிமம், எந்தத் திகதி. படைப்பாளிகள் தங்கள் படைப்பைப் பொதுவில் பகிரப் பயன்படுத்துகிற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களில் "வணிகமற்ற" என்ற நிபந்தனை உள்ள எதுவும் விற்கிற கேமில் இருக்கக் கூடாது. தமிழ் எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் தாராளமாகப் போதும், அது திறந்த உரிமம்.

அப்புறம் ஒப்பந்தத்துக்கு வருவோம். நிரந்தரம் என்பதை ஐந்து அல்லது ஏழு ஆண்டாக மாற்றச் சொல்லுங்கள். எந்தத் தளங்களில் வெளியிடப் போகிறார் என்று பெயர் சொல்லி எழுதட்டும். கைபேசிப் பதிப்பு செய்யும் எண்ணமே அவருக்கு இல்லையென்றால் அந்த உரிமை உங்களிடமே இருக்கட்டும். கையெழுத்திட்டு இத்தனை மாதத்துக்குள் கேம் வெளிவராவிட்டாலோ, நிறுவனம் மூடப்பட்டாலோ, கணக்குத் தராவிட்டாலோ, உரிமைகள் தானாக உங்களிடம் திரும்ப வேண்டும். இந்த ஒரு வாசகத்துக்காகப் பேரம் பேசத் தயங்காதீர்கள். வெளிவராமல் ஒரு நிறுவனத்தின் அலமாரியில் கிடக்கிற கேமை, திரும்பும் வாசகம் இல்லாவிட்டால் யாராலும் எடுக்க முடியாது. இரண்டாம் பாகமும் பண்டாரவன்னியன் உலகத்தை வைத்துச் செய்கிற வேறு எதுவும் உங்களுடையவை. முதலில் அவரிடம் காட்டுகிறோம் என்று மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

காசுக் கணக்கை மெதுவாக வாசியுங்கள். முற்பணத்தை எதிலிருந்து கழிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உதாரணத்துக்கு, கேம் ஸ்டீமில் 10,000 டொலர் விற்றது என்று வையுங்கள். ஸ்டீம் 30 சதவீதம் எடுத்த பிறகு மிச்சம் 7,000. அவர் தந்த முற்பணம் 2,000, விளம்பரச் செலவு என்று காட்டுவது 4,000, பங்கு பாதிக்குப் பாதி. செலவுகளை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டுப் பிரித்தால், மிச்சம் 1,000, உங்களுக்கு 500 வரும். ஆனால் செலவுகளை "படைப்பாளியின் பங்கிலிருந்து" கழிப்பதாக எழுதியிருந்தால், உங்கள் பங்கு 3,500 முழுதும் அந்த 6,000 கடனுக்குள் போய்விடும். உங்களுக்கு ஒன்றுமில்லை, இன்னும் 2,500 பாக்கி என்றும் கணக்கு வரும். அவருக்கோ தன் பங்கு 3,500 தனியாகப் போய்ச் சேரும். ஒரே கேம், ஒரே விற்பனை, ஒரு சொற்றொடரின் வித்தியாசம். விளம்பரச் செலவுக்கு மேல்வரம்பு போடுங்கள், அதற்கு மேல் செலவிட உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று எழுதுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கும் அதைச் சரிபார்க்கும் உரிமையும் கேளுங்கள்.

"படைப்பாளி எல்லா நட்டத்துக்கும் பொறுப்பு" என்ற வரி கட்டாயம் இருக்கும். கூத்துப் பாட்டுக்கோ ஒரு இலவச ஒலிக்கோ யாராவது வழக்குப் போட்டால் அந்தச் செலவு உங்கள் நாலு பேர் தலையில் விழும் என்பது அதன் பொருள். அந்தப் பொறுப்பை உங்களுக்கு உண்மையில் கிடைத்த தொகைக்குள் கட்டுப்படுத்துங்கள். தகராறு லண்டன் சட்டப்படி லண்டனில் தீர்க்கப்படும் என்றிருந்தால், கிளிநொச்சியிலிருந்து அதை நடத்த முடியுமா என்று யோசியுங்கள். இலங்கையில் என்றாலும் இப்படிப்பட்ட வழக்குகள் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகின்றன, அதுவும் சுலபமில்லை. முதலில் சமரசப் பேச்சு, அதுவும் இணையவழியில், என்று எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது.

பெயர் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் வரியை வெட்டிவிடுங்கள். 1979இல் அட்டாரி என்ற கேம் நிறுவனத்திலிருந்து நிரலாளர்கள் வெளியேறி அக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கியதற்கு ஒரு பெரிய காரணம், அவர்கள் செய்த கேம்களில் அவர்கள் பெயரே வராததுதான். வன்னியில் நாலு பேர் செய்த கேம் என்பது திரையில் தெரிய வேண்டும்.

கேமின் பெயரை வணிகக் குறியாக யார் பெயரில் பதிவது என்றும் கேளுங்கள், உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். முடிந்தால் ஸ்டீம் கணக்கையும் நீங்களே திறங்கள். ஒரு கேமுக்கு 100 டொலர் கட்டணம், விற்பனை 1,000 டொலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். கூகுள் பிளேக்கு ஒருமுறை 25 டொலர். கடைக் கணக்கு வெளியீட்டாளர் பெயரில் இருந்தால், ஒப்பந்தம் முடிந்த பிறகு வாடிக்கையாளர் கருத்துகளையும் பக்கத்தையும் உங்களிடம் மாற்றித்தர அவர் கடமைப்பட்டவர் என்று எழுத வேண்டும்.

உங்கள் தம்பியின் ஃப்ரீ ஃபயர் ஐடிக்கு வருவோம். விற்க முடியாது. ஃப்ரீ ஃபயரை நடத்தும் கரேனாவின் விதிகளின்படி கணக்கு அவனுடைய சொத்தே இல்லை, விளையாட அனுமதி மட்டும்தான். காசு கொடுத்து வாங்கிய உடைகளும், கேமுக்குள் செல்லுகிற காசான டயமண்டும் அப்படியே. விற்றால் கணக்கைத் தடைசெய்யலாம், வாங்கியவர் காசைத் திருப்பிக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருவார். கடையில் காசு கொடுத்து வாங்கிய கேமுக்கும் இதே நிலைதான். யுபிசாஃப்ட் 2014இல் விற்ற தி க்ரூ என்ற கேமின் சேர்வர்களை 2024 மார்ச் 31இல் நிறுத்தியது, வாங்கியவர்களால் அதைத் திறக்கவே முடியாமல் போனது. அதற்கு எதிராக ரொஸ் ஸ்கொட் என்ற யூடியூபர் தொடங்கிய இயக்கம் ஐரோப்பாவில் 10 இலட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்த்தது. கலிபோர்னியாவில் 2025 முதல், உரிமம் மட்டுமே தருகிற இடத்தில் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று விற்கக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. நீங்கள் உங்கள் கேமை விற்கும்போது, இணையம் இல்லாமலும் விளையாடக் கூடியதாக வையுங்கள். ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ இருக்கிற பிள்ளை ஒருமுறை பதிவிறக்கினால் அது அவன் கையில் நிற்கட்டும்.

இந்த வாரமே நாலு பேரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள்: யார் எதைச் செய்தார், யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் அவர் செய்தது கேமில் தொடர்ந்து இருக்கலாமா, முடிவெடுக்க எத்தனை பேர் சம்மதம் வேண்டும். நாலு பேரும் கையெழுத்து வையுங்கள். பிறகு அந்த அண்ணாவுக்கு இப்படிப் பதில் போடுங்கள்: "அண்ணா, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. உரிமையை மாற்றித்தர எங்களுக்கு விருப்பமில்லை. கணினிப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு உரிமம் தரத் தயார். திருத்திய ஒப்பந்தத்தை அனுப்பினால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம்." அவர் திருத்தி அனுப்பினால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். மறுத்தால், 100 டொலரைச் சேர்த்து நீங்களே வெளியிடுங்கள்.